லாபம், ரெண்டு, மூணு

ஐம்பத்தொன்றாவது வயதில் நான் காப்பியடித்துப் பிடிபட்டேன். பக்கத்து இருக்கைப் பையனைப் பார்த்து அடித்திருந்தாலாவது அதில் ஒரு மரபு இருந்திருக்கும். நான் பூமியைப் பார்த்து அடித்தேன். புவியீர்ப்பு முடுக்கம் ஒன்பது புள்ளி எட்டு என்பது ஊரறிந்த விடை. அந்த விடை வரும்படியாக ஓர் ஊசலின் ஆட்டத்தைத் திருத்தி எழுதி, என் பெயரோடு இன்னொருவர் பெயரையும் சேர்த்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அதற்குச் சாட்சியாக ஒரு மஞ்சள் தாள் என் மேசை இழுப்பறையில் நான்காக மடிந்து கிடக்கிறது. கார்பன் பிரதி. அதில் இருக்கும் எழுத்து என்னுடையதல்ல. பேனா தேடும்போதெல்லாம் அது கையில் படும். பிரித்துப் பார்ப்பதில்லை.

அந்த வயதில் எதற்குக் கல்லூரிக்குப் போனேன் என்றால், போவதற்கு வேறு இடம் இல்லை. இருபது வருடத்துக்கு மேல் மென்பொருள் எழுதிய நிறுவனம் ஒரு காலை மின்னஞ்சலில் எனக்கு நல்வாழ்த்துக் கூறிவிட்டது. கலிபோர்னியாவின் டப்ளினில் வீடு. மனைவிக்குக் குபெர்டினோவில் வேலை. வெளிச்சம் வருமுன் கிளம்பினால் வெளிச்சம் போனபின் திரும்புவாள். மகள் டெக்சாஸில் படிக்கிறாள். அவளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். பதில் ஆங்கிலத்தில், பெரும்பாலும் ஒரே சொல்லில் வரும். இங்கே நம்மவர்கள் கூடும் இடத்தில் "இப்ப எங்க இருக்கீங்க?" என்று கேட்டால் எந்த நிறுவனத்தில் என்று அர்த்தம். "வீட்லதான்" என்பேன். "ஓ, ரிமோட்டா? குடுத்து வச்சவர் சார் நீங்க" என்பார்கள். நான் திருத்தியதில்லை. பகல் பதினோரு மணிக்கு அந்த வீட்டில் குரல் என்று இருந்தது குளிர்பெட்டிக்கு மட்டும்தான். பள்ளி நாளில் இயற்பியல் படிக்க ஆசைப்பட்டு, "படிச்சா வாத்தியார் வேலைதான் கிடைக்கும்" என்று அப்பா தடுத்து என்னைப் பொறியியலில் தள்ளியது ஒருநாள் திடீரென்று நினைவுக்கு வந்தது. கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடப் பட்டத்துக்கு இயற்பியல் என்று பதிந்தேன். ஆசை என்று வெளியே சொல்லிக்கொண்டேன். உண்மையில், வாரத்துக்கு இரண்டு நாள் யாராவது வருகைப் பதிவேட்டில் என் பெயரைக் கூப்பிடுவார்கள்.

முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் வகுப்பு அடங்கியது. பிள்ளைகள் நோட்டைத் திறந்தார்கள். ஆசிரியர் என்று நினைத்திருக்கிறார்கள். நான் நேராகக் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தேன். அமெரிக்காவில் எனக்குக் கிடைத்த உச்சபட்ச மரியாதை அந்த அரை நிமிடம்.

அந்தக் கடைசி வரிசையில் எனக்கு முன்பே உட்கார்ந்திருந்தவர்தான் என் லேப் பார்ட்னர் ஆனார். அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று யோசித்து, "ஆய்வகத் துணைவி" என்று வீட்டில் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். மனைவி மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது அந்த மாதத்தில் அப்போதுதான். ஆகவே, கூட்டாளி என்றே சொல்கிறேன். பாளையங்கோட்டைக்காரர், என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். ஊரில் இயற்பியலில் பி.எஸ்ஸி. முடித்து, கல்யாணமாகி, கணவரின் விசாவைப் பற்றிக்கொண்டு வந்தவர். அந்த விசாவில் வேலை பார்க்கக் கூடாது. கிரீன் கார்டு வருவதற்குள் பதினான்கு வருடம் ஓடிவிட்டது. வந்த பிறகு ஊர்ப் பட்டத்தை யாரும் சீந்தவில்லை. எனவே முதலிலிருந்து தொடங்கியிருந்தார். இங்கே இரண்டு வருடம், பிறகு ஒரு பல்கலைக்கழகத்துக்கு மாற்றல், பிறகு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியை. "எனக்கு 'ஏ' வேணும் அண்ணாச்சி. ஒரு கீறல் விழுந்தாலும் யுனிவர்சிட்டில எடுக்க மாட்டாங்க. உங்களுக்கு என்ன, பொழுதுபோக்கு" என்று முதல் வாரமே சொல்லிவிட்டார்.

வகுப்புக்கும் ஆய்வகத்துக்கும் நடுவே அரை மணி நேரம் இடைவெளி. கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் ஒரு பெஞ்சு. செவ்வாயும் வியாழனும் அங்கே உட்கார்ந்து சாப்பிடுவோம். பெரிய பேச்செல்லாம் இல்லை. அன்றைய கணக்கு, அவர் பெண்ணின் பல் கம்பி, டப்ளினில் கறிவேப்பிலை விற்கும் விலை. ஆனால் வெள்ளிக்கிழமையிலிருந்தே நான் செவ்வாய்க்குக் காத்திருக்க ஆரம்பித்திருந்தேன். ஒருநாள், "மத்த நாள்ல பேச்சுத் துணைக்கு என்ன செய்வீங்க அண்ணாச்சி?" என்று கேட்டார். "கார்ல ஜி.பி.எஸ். பேசும்மா. வழி தெரிஞ்ச இடத்துக்கும் போட்டுக்கிட்டுதான் போவேன்" என்றேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. டப்பா மூடியில் பாதி அவல் உப்புமாவை எடுத்து வைத்து என் பக்கம் தள்ளினார்.

ஊசல் சோதனை வந்தது நான்காவது வாரத்தில். சரியாக ஒரு மீட்டர் நூல், நுனியில் ஒரு பித்தளைக் குண்டு. இருபது ஆட்டத்துக்கு எத்தனை விநாடி என்று பார்த்து, அதிலிருந்து பூமியின் இழுப்பைக் கணக்கிட வேண்டும். குண்டை விட்டு எண்ணுவது நான். கடிகாரம் பிடித்து எழுதுவது அவர். என் அப்பா அரிசிக் கடைக்காரர். படி அளக்கும்போது முதல் படியை ஒன்று என்று சொல்லமாட்டார், லாபம் என்பார். லாபம், ரெண்டு, மூணு. எனக்கு எண்ண வந்ததே அப்படித்தான். குண்டைக் கையிலிருந்து விட்ட கணத்தில், என்னை அறியாமல், "லாபம்" என்றேன். கூட்டாளிக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "எங்க மாமாவும் நெல்லு அளக்கும்போது இப்படித்தாம்லா எண்ணுவாங்க" என்றார். அன்று முழுக்க லாபத்திலேயே எண்ணினேன். ஐந்து முறை செய்தோம். ஐந்து முறையும் விடை பதினொன்றுக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது.

"கலிபோர்னியாவுல பூமி கொஞ்சம் ஜாஸ்தியா இழுக்குது போல" என்றேன். "இருக்கட்டும் அண்ணாச்சி. வந்தத எழுதுவோம். ஏன் வந்துச்சுன்னு பொறவு பார்ப்போம்" என்றார் அவர். அந்த ஆய்வக நோட்டில் ஒவ்வொரு வெள்ளைத் தாளுக்கும் அடியில் ஒரு மஞ்சள் தாள் உண்டு. மேலே எழுதுவது கீழேயும் பதியும். வகுப்பு முடிந்ததும் மஞ்சளைக் கிழித்துப் பேராசிரியரின் தட்டில் போட்டுவிட வேண்டும். நான் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தபோது அவர் போட்டுவிட்டார். நான் கவனிக்கவில்லை. பில் புத்தகத்தில் கார்பன் எதற்கு என்று தெரியாத கடைக்காரர் மகன் உலகத்திலேயே நான் ஒருவன்தான் இருப்பேன்.

அறிக்கை எழுதுவது அந்த வாரம் என் முறை. அவர் பெண்ணுக்குக் காய்ச்சல் வேறு. "நானே முடிச்சு அனுப்பிடறேன், நீங்க பாக்க வேண்டாம்" என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். உட்கார்ந்தால், அந்தப் பதினொன்று என்னை உறுத்தியது. நான் படித்த பள்ளியில் பதினொன்று என்று எழுதிவிட்டு யாரும் வெளியே வந்ததில்லை. அங்கே விடை முதலில், ஊசல் பிறகு. ஒன்பது புள்ளி எட்டிலிருந்து பின்னோக்கி நடந்து விநாடிகளைக் கண்டுபிடித்து, ஐந்தையும் ஒரே மாதிரி எழுதாமல் ஆங்காங்கே லேசாகக் கலைத்துவிட வேண்டும். இதற்கு "ரீடிங் போடுவது" என்று பெயர். "ரீடிங் போட்டாச்சாடா?" என்று வாத்தியாரே கேட்பார். முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகும் கை மறக்கவில்லை. கால் மணி நேரத்தில் போட்டேன். எனக்கே கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வியாழக்கிழமை பேராசிரியர் எங்கள் இருவரையும் தன் அறைக்கு அழைத்தார். மெலிந்த அம்மையார், குரலை உயர்த்தாதவர். மேசைமேல் மஞ்சள் தாளையும் என் அறிக்கையையும் அக்கம்பக்கமாக வைத்து, "இந்த இரண்டில் ஊசல் சொன்னது எது?" என்று கேட்டார். கூட்டாளி குனிந்து இரண்டையும் படித்தார். அறிக்கையை அவர் அப்போதுதான் பார்க்கிறார். நான் வாயைத் திறந்தேன். "வி கரெக்டட் இட்" என்றேன்.

அந்த "வி" எங்கிருந்து வந்தது என்று பிறகு எவ்வளவோ யோசித்திருக்கிறேன். ஒற்றைப் பிள்ளையாய்ப் பிறந்தவன்கூட "எங்கம்மா", "எங்க வீடு" என்றுதானே நம்மில் சொல்வான். அந்தப் பணிவின் பழக்கம் என்று எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். தமிழில் அது பணிவாக இருக்கலாம். அந்த அறையில் அது வாக்குமூலம். பேராசிரியர் குறித்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் பூஜ்யம், இரண்டு பெயரும் டீனுக்குப் போகும், பதிவேட்டில் நிற்கும் என்றார். மாற்றலுக்கு விண்ணப்பிக்கும்போது அந்தப் பதிவேடுதான் முதலில் போகும் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். கூட்டாளி பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வெளியே தாழ்வாரத்தில் நின்று, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "'வி'ன்னா யாரு, சார்?"

அண்ணாச்சி போய்விட்டது.

அங்கேயே திரும்பிப் போய்க் கதவைத் தட்டியிருக்க வேண்டும். எழுதுவதற்கு இப்போது எளிதாக இருக்கிறது. நான் வீட்டுக்குப் போனேன். வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாளும் ஒரு மின்னஞ்சலை எழுதி எழுதி அழித்தேன். கல்லூரியை விட்டு நிறுத்திவிட்டால் செவ்வாய்க்கிழமை எங்கே போவேன் என்பதுதான் என் பயம். அந்தச் செவ்வாய்க்கிழமையை எனக்குக் கொடுத்தவரே அவர்தான் என்பது அந்த மூன்று நாளில் ஒருமுறையும் எனக்கு உறைக்கவில்லை. மனைவி, "என்ன, ஒரு மாதிரி இருக்கீங்க?" என்றாள். "லேப் ரிப்போர்ட்" என்றேன். "அதுக்கா?" என்றாள். ஐம்பத்தொரு வயதுக்காரன் காப்பியடித்தேன் என்பதை அதற்கு மேல் எப்படி விளக்குவது?

திங்கள் காலை பேராசிரியரின் அறைக்குப் போனேன். நான் தொடங்குவதற்குள் அவர் கேட்டார்: "லாபம் என்றால் என்ன?"

வெள்ளிக்கிழமையே கூட்டாளி வந்திருக்கிறார். வீட்டுக் குளியலறைக் கம்பியில் சாவிக்கொத்தைக் கட்டித் தொங்கவிட்டு, மாலை முழுக்க ஆட்டிப் பார்த்து, தவறைக் கண்டுபிடித்து, நான்கு பக்கம் எழுதிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அதில் அவர் எழுதியிருந்தது இது: குண்டை விடும்போது சொல்லும் எண் பூஜ்யமாக இருக்க வேண்டும். என் கூட்டாளி லாபத்திலிருந்து எண்ணுகிறார். ஆகவே நாங்கள் இருபது என்றது பத்தொன்பது. படியை அளந்து கொட்டும்போது லாபம் என்றால் கூடையில் ஒரு படி அரிசி விழுந்திருக்கும். நான் லாபம் என்றபோது ஊசல் இன்னும் ஒரு முறைகூட ஆடியிருக்கவில்லை. என் அப்பாவின் கடை வழக்கத்தைப் பேராசிரியருக்கு ஆங்கிலத்தில் விளக்கினேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். பதினொன்றை அப்படியே விட்டிருந்தால் ஒரே நிமிடத்தில் இதைக் கண்டுபிடித்து முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன் என்றார். பிறகு நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். வி அல்ல, ஐ.

"விநாடிகளை மாற்றியது யார் என்று உங்கள் கூட்டாளியிடம் கேட்டேன்" என்றார் அவர். "அதை அவர்தான் சொல்ல வேண்டும் என்றார். நாளை இரண்டு பெயரையும் அனுப்புவதாக இருந்தேன்."

என் பெயர் மட்டும் போனது. பூஜ்யமும் எனக்கு மட்டும். கூட்டாளியின் நான்கு பக்கத்துக்கு முழு மதிப்பெண். என்னைக் கல்லூரியிலிருந்து நிறுத்தவில்லை. நான் பயந்த அந்த ஒன்று மட்டும் நடக்கவில்லை. அடுத்த வாரம் அவர் பச்சைத் தலைமுடிப் பெண் ஒருத்தியின் மேசைக்கு மாறிப்போனார். வகுப்பில் ஒற்றைப்படையாக மிஞ்சியது நான். மீதமிருந்த சோதனைகளையெல்லாம் தனியாகவே செய்தேன். ஒரு கையில் குண்டு, ஒரு கையில் கடிகாரம், வாயில் பூஜ்யம். இடைவேளையில் பெஞ்சு காலியாகக் கிடக்கும். அவர் தன் காருக்குள் உட்கார்ந்து சாப்பிடுவார். நான் என் காருக்குள். நடுவே மூன்று கார். கண்ணாடி வழியே அந்த டப்பா திறப்பது தெரியும். என்னுடையதில் ஜி.பி.எஸ். ஓடிக்கொண்டிருக்கும், நின்ற இடத்திலிருந்து வீட்டுக்கு எத்தனை நிமிடம் என்று சொல்லும்.

கடைசி நாள் என் மேசைக்கு வந்தார். மஞ்சள் தாளை வைத்தார். "மேடம் திருப்பிக் குடுத்தாங்க. எனக்கு வேண்டாம் சார். நீங்க வச்சிக்கிடுங்க." அவ்வளவுதான். மாற்றல் கிடைத்துத் தெற்கே போய்விட்டார் என்று பேராசிரியர் சொல்லித் தெரிந்தது. நானும் ஒருவழியாகப் பட்டம் வாங்கினேன். அங்கியை மாட்டிக்கொண்டு, வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பிள்ளையிடம் கைபேசியைக் கொடுத்து ஒரு படம் எடுத்துக்கொண்டேன். படத்தில் நான் அந்தப் பிள்ளையின் ஆசிரியர் மாதிரி இருக்கிறேன்.

இப்போது மறுபடியும் மென்பொருள் வேலை, வீட்டிலிருந்தபடி. எங்க இருக்கீங்க என்று கேட்பவர்களிடம் "வீட்லதான்" என்கிறேன். இந்தமுறை அது உண்மை. குளிர்பெட்டியும் நானும் பழகிவிட்டோம். போன வாரம் இதை எழுதி முடித்து, பத்திரிகைக்கு அனுப்புமுன், கூட்டாளியிடம் கேட்காமல் இன்னொருமுறை அவர் பெயரில் எதையும் அனுப்பக் கூடாது என்று, அவருடைய பழைய கைபேசி எண்ணுக்கே அனுப்பிவைத்தேன். எழுதும்போது மஞ்சள் தாளை எடுத்துப் பிரிக்கவேண்டிய தேவை வரவில்லை. எல்லாம் அப்படியே நினைவிருந்தது. ஆறு நாள் பதில் இல்லை. இன்று காலை வந்தது.

"படிச்சேன் அண்ணாச்சி. போட்டுக்கிடுங்க. ஆனா நூல் ஒரு மீட்டர் இல்ல, தொண்ணூத்தெட்டரை சென்டிமீட்டர். மஞ்சத் தாள் உங்க கையிலதான இருக்கு, அதப் பாத்து எழுதுனா என்ன?"