கேப்சூலுக்கு ஒரு தம்ளர் பால்

ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியின் டெலிபோன் போர்டில் எனக்கு வேலை. காலையில் நான், மத்தியானத்துக்கு மேல் என்னைவிட மூத்த ஒரு கோவாக்காரி. இரண்டு பேருக்கும் ஹெட்செட் ஒன்றுதான். நான் கழற்றிக் கொடுப்பேன், அவள் வாங்கி மாட்டிக்கொள்வாள். ஒரு நாள் கைக்குட்டையில் ஓடிகொலோன் விட்டு, வாய்க்கு நேரே வரும் மவுத்பீஸை மெதுவாகத் துடைத்தாள். மறுநாளும் துடைத்தாள், என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே. அதற்குப் பதில் ஓர் அறை விட்டிருக்கலாம்.

பல் தேய்க்கும்போது ஈறில் இரத்தம் வருவது எனக்குத் தெரியும். யாருக்குத்தான் வரவில்லை என்று விட்டுவிட்டேன். இப்போது பல்பொடியை மாற்றினேன், கிராம்பு மென்றேன், ஏலக்காய் மென்றேன். வாய் நாற்றம் ஏலக்காயைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வந்தது. பிறகு மேல்வரிசை முன்பல் ஒன்று ஆட ஆரம்பித்ததும் நிஜமாகவே பயந்துபோனேன். போர்டில் உட்காருகிறவளுக்கு உச்சரிப்புதான் எல்லாம். முன்பல்லெல்லாம் கொட்டிவிட்டால் ஃபைல் ரூமில் தூசி தட்ட அனுப்பிவிடுவார்கள். அப்பா போன பிறகு வீட்டில் அம்மாவும் நானும்தான், என் சம்பளம்தான்.

தாதரில் ஒரு மராட்டிக்கார பல் டாக்டரிடம் போனேன். ஈறுக்கடியில் சீழ் கோத்திருக்கிறது என்றார். பல்லிடுக்கில் இருந்த காரையைச் சுரண்டி எடுத்துவிட்டு, டெட்ராசைக்ளின் கேப்சூல் எழுதிக் கொடுத்தார். புது மருந்து, கேட்கும் என்றார்.

அம்மா கேப்சூலை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இங்கிலீஷ் மருந்து உடம்பைக் கொதிக்க வச்சுடும்டி. வெறும் தண்ணியில முழுங்காதே. பாலைக் குடிச்சுண்டு சாப்பிடு."

பாலுக்கு எங்கே போவது? பால் பூத்தில் கார்டுக்குக் கிடைக்கும் ஒரு பாட்டில் இரண்டு பேர் காபிக்கே இழுபறி. அம்மா தன் காபியிலிருந்து பாலை நிறுத்தினாள். எங்கள் மாட்டுங்கா முழுக்கத் தேடினாலும் அம்மா மாதிரி காபிப் பைத்தியம் கிடைக்காது. டிகாக்‌ஷன் கொஞ்சம் நீர்த்திருந்தால் அன்றைக்குப் பூராவும் முகத்தைத் தூக்கி வைத்திருப்பாள். அவள் கடுங்காப்பியை மூக்கைச் சுளித்துக்கொண்டு விழுங்கிவிட்டு, ஒவ்வொரு வேளையும் எனக்குப் பாலைச் சுடவைத்து ஆற்றி நீட்டுவாள். நான் கேப்சூலை வாயில் போட்டுத் தம்ளரைக் காலி செய்யும்வரை நகரமாட்டாள்.

கேப்சூல் தீர்ந்தது. சீழ் தீரவில்லை. ஓடிகொலோன் வாசனையும் போகவில்லை. டாக்டர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு இன்னும் அதிகமாக எழுதிக் கொடுத்தார். வேளைகள் கூடின, பாலும் கூடியது. கேப்சூலை முழுங்க முழுங்க, பக்கத்துப் பல்லும் ஆடத் தொடங்கியது. போர்டில் உட்கார்ந்து "ப்ளீஸ்" சொல்லும்போதெல்லாம் நாக்கு அந்தப் பற்களை ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டு வரும்.

முதலில் ஆடிய பல்லைப் பிடுங்கிய அன்றுதான், பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே டாக்டர் கேட்டார், மருந்தை எப்படிச் சாப்பிடுகிறாய் என்று. பேச முடியாமல் தம்ளரைத் தூக்கிக் குடிப்பதுபோல் காட்டி, "தூத்" என்றேன். அவர் கை அப்படியே நின்றுவிட்டது. பாலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து இந்த மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேரவே விடாது என்றார். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று அவரும் தலையில் தட்டிக்கொண்டார்.

தாதரிலிருந்து மாட்டுங்கா ஒரே ஸ்டேஷன். அதற்குள் சண்டைக்கு வேண்டிய வசனமெல்லாம் எனக்குத் தயார். கதவைத் திறந்தால், அம்மா ஆற்றிய பாலோடு நிற்கிறாள்.

"வலிக்கறதா? இதைக் குடிச்சுட்டு மருந்தைப் போட்டுக்கோ."

பஞ்சைத் துப்பிவிட்டுச் சொன்னேன்: "அந்தப் பால்தான் மருந்தைக் கெடுத்துதாம். இனிமே தண்ணியிலதான் சாப்பிடணுமாம்."

"பாலா?"

என் வாயில் இருந்த ஓட்டையைப் பார்த்தாள். பிறகு தம்ளரில் இருந்ததைச் சிந்தாமல் பாத்திரத்தில் திருப்பி ஊற்றினாள். நான் தயார் செய்து வைத்திருந்த வசனத்தையெல்லாம் விட்டுவிட்டு, ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டு கேப்சூலை முழுங்கினேன்.

தண்ணீரில் சாப்பிட்டதும் சீழ் வற்றியது. டாக்டர் மறுபடியும் சுரண்டினார். பக்கத்துப் பல் ஆடாமல் நின்றுவிட்டது, பிடுங்கிய இடத்தில் பொய்ப்பல் வைத்துக்கொண்டேன், போர்டும் பிழைத்தது. ஒரு மத்தியானம் கோவாக்காரி என் கையிலிருந்து ஹெட்செட்டை வாங்கித் துடைக்காமல் மாட்டிக்கொண்டாள். அன்றைக்கு ரயிலில் யார் பார்க்கிறார்கள் என்றுகூடக் கவலைப்படாமல் அழுதேன்.

வீட்டில் பால் மிஞ்ச ஆரம்பித்தது. அம்மா தன் காபியில் மட்டும் விட்டுக்கொள்ளவில்லை. நானே ஊற்றிக் கொடுத்தால் அப்படியே என் பக்கம் நகர்த்திவிடுவாள். கேட்டால், "பழகிடுத்துடி" என்பாள். கடைசிவரை கடுங்காப்பிதான். ஒரு நாள்கூட மூக்கைச் சுளிக்காமல் அவள் அதைக் குடித்ததில்லை.