யானிஸ் தூக்கிய திரை

மோசுலில் அமீரைப் பார்ப்பதுகூட எளிது, யானிஸைத் தாண்டுவதுதான் கடினம் என்பார்கள். தர்பார் மண்டபத் திரைக்கு வெளியே கோலோடு நிற்கும் ஹாஜிப் அவர். யார் உள்ளே போவது, யார் முதலில் போவது, போகிறவரை என்னவென்று அறிவிப்பது, எல்லாம் அவர் கையில் இருந்தது. அடிமையாக வந்து, விடுதலை பெற்று, அந்தக் கோலைப் பிடித்தவர். அத்தனை அதிகாரம் இருந்தும் ஒரு பேரீச்சம்பழம்கூட லஞ்சமாக வாங்கியதில்லை. அப்படியும் சிலர் பிறக்கத்தான் செய்கிறார்கள்.

குடிகளின் முறையீட்டை அமீர் கேட்கும் நாள் அது. குயவர் தெரு ஹம்தூனா எல்லோருக்கும் முன்பே வந்து நின்றாள். தளபதி துகானின் குதிரைகள் சந்தையில் புகுந்து ஜாடிகளை மிதித்து உடைத்தபோது அவள் மகன் வாய்விட்டுத் திட்டிவிட்டான். அதற்காக அவனைத் திருடன் என்று பிடித்து அடைத்துவிட்டார் துகான். மாலையில் அவன் வலது கையை வெட்டுவார்கள். அமீரின் முத்திரை ஒன்றுதான் பாக்கி.

"பயப்படாதம்மா. இன்னைக்கு முறையிட வந்தவங்கதான் முதல்ல" என்றார் யானிஸ்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் துகானே வந்துவிட்டார்.

"தள்ளு கிழவா. ஒரு முத்திரை வாங்கணும், அவ்வளவுதான். பானைக்காரி அப்புறம் வந்து அழட்டும்."

"இன்னைக்கு முறையீட்டு நாளுங்க ஐயா."

"வழி விடறியா, இல்ல நாளைக்கு வேற ஒருத்தன் அந்தக் கோலைப் பிடிக்கணுமா?"

யானிஸ் தன் கோலைப் பார்த்தார். இந்த வயதில் கோல் போனால் யார் சோறு போடுவார்கள்? பிறகு பணிவாகக் கை நீட்டி, தர்பார் வழக்கப்படி தளபதியின் வாளை வாங்கி வைத்தார்.

"நீங்களே முன்னால போங்க ஐயா."

"ஐயோ, நீங்களுமா?" என்று ஹம்தூனா வாயில் அடித்துக்கொண்டாள். யானிஸ் அவள் தோளைத் தொட்டுத் தளபதிக்குப் பின்னால் நிறுத்தினார். திரையைத் தூக்கினார். மண்டபம் அதிரக் குரல் கொடுத்தார்:

"குயவர் தெரு ஹம்தூனா, தன் மகனுக்காக! அவள் யார்மேல் முறையிடுகிறாளோ அந்தத் துகான், அவளோடு!"

பட்டம் இல்லை, பதவி இல்லை, வெறும் துகான். திரை தூக்கிய பிறகு அமீருக்கு முதுகு காட்டினால் தலை தப்பாது. பல்லைக் கடித்துக்கொண்டு, மண்பாண்டம் செய்கிறவளுக்குப் பக்கத்தில் குற்றவாளியாய் நின்றார் தளபதி. அமீர் சந்தைக்காரர்களை அழைத்து விசாரித்தார். மாலைக்குள் பையன் வீட்டில் இருந்தான்.

வெளியே வந்த துகானிடம் யானிஸ் இரு கைகளாலும் வாளை நீட்டினார். "பட்டத்தைச் சொல்ல மறந்துட்டேன், மன்னிக்கணும். வயசாயிடுச்சு பாருங்க."

என்ன நெஞ்சழுத்தம் அந்த மனிதருக்கு!

அமீருக்குப் படை வேண்டும், படைக்குத் துகான் வேண்டும். சில நாளிலேயே யானிஸின் கோலைப் பிடுங்கிவிட்டார்கள்.

"ஊரான் பிள்ளைக்காக நம்ம சோத்துல மண்ணைப் போட்டுட்டீங்களே!" என்று மனைவி மைமூனா பொரிந்து தள்ளினாள்.

யானிஸ் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"அவனுக்கு ரெண்டு கையும் இருக்கு மைமூனா. எனக்கு ஒரு கோல்தானே போச்சு."