பதினோரு மணிச் சர்க்கரை

பிரியாணி மாஸ்டர் என்றால், ஊருக்கு முன்னால் எழுந்து அடுப்படிக்குப் போய், ஊரே சாப்பிட்ட பிறகு சாப்பிட உட்காருகிறவன் என்று அர்த்தம். சர்க்கரையோடு குடித்தனம் நடத்தும் சக நண்பர்களே, இந்த நேரங்கெட்ட பிழைப்புக்கும் நம் வியாதிக்கும் ஆகவே ஆகாது என்று உங்களுக்குத் தெரியும். எனக்குப் பள்ளிக்கூட வயதிலேயே வந்துவிட்டது. ஊசி போட்டால்தான் உயிர் என்கிற வகை.

போன வருஷம் செங்கல்பட்டு டாக்டர் ஊசியை நிறுத்திவிட்டு, இடுப்பில் ஒரு இன்சுலின் பம்பை மாட்டிவிட்டார். அது மெல்லிய குழாய் வழியாக நாள் முழுக்க மருந்தைச் சொட்டும். எந்த மணிக்கு எவ்வளவு என்று டாக்டர் செட்டிங் வைப்பார். சாப்பிடும்போது மட்டும், எவ்வளவு சாப்பிடப் போகிறேன் என்று நான் நம்பர் தட்ட வேண்டும். கையில் ஒட்டிய ஒரு வில்லை சர்க்கரையை அளந்து, போனில் கோடு போட்டுக் காட்டும். சொல்வதற்கு எளிதாகத்தான் இருக்கிறது.

தம்முக்கு மெஷின்

மாமல்லபுரத்தில் ஒரு நிச்சயதார்த்தம். பிரியாணி தேக்சாவை மூடி, மேலே கங்கு கொட்டி, தம் போட்டுவிட்டு நிற்கிறேன். இடுப்பில் பீப், பீப். சர்க்கரை ஏறுகிறதாம். கைக்குழந்தை எதற்கு அழுகிறது என்று தெரியாத புது அப்பன் மாதிரி பட்டன்களைத் தடவிக்கொண்டிருந்தேன். அதற்குள் தம் உடைக்கும் நேரமும் வந்துவிட, மூடியைத் திறந்தேன். ஆவி எழும்பியது.

பெண்ணின் மாமா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர்களிடம் பெருமையாகச் சொன்னார்: "முன்னல்லாம் பாய் மூக்காலயே தம்மு பாப்பாரு. இப்ப மெசினு வந்துட்சி. சத்தம் குடுத்தா எறக்கிடலாம்."

மருந்துக்கும் தம்

டாக்டர் செட்டிங்கை எவ்வளவு ஏற்றினாலும் கோடு இறங்கவில்லை. பம்பை எங்கே மாட்டியிருக்கிறேன் என்று கிளினிக் சிஸ்டர் கேட்டார். நான் எழுந்து, அடுப்பின் முன் நிற்கிற மாதிரியே நின்று காட்டினேன். பம்ப் முன்பக்கம், விறகு அடுப்புக்கு நேர் எதிரே. சூடு பட்டால் இன்சுலின் கெட்டுப்போகும் என்று அவர் முதல் நாளே சொன்னதுதான். வெயிலைச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டேன். சிஸ்டர் மெட்ராஸ்காரர், வெயிலுக்குப் பயப்படுகிறார், நமக்கென்ன என்று இருந்துவிட்டேன்.

சிஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்: "ஏண்ணா, கறியோட சேத்து மருந்தையும் தம்முல போட்டுட்டீங்களா?"

மூக்கின் மேல் சந்தேகம்

மருந்தை மாற்றி, பம்பை முதுகுப் பக்கம் ஒரு துணிப்பையில் போட்டுக் கட்டினேன். கோடு அடங்கியது, காலை பதினோரு மணி தவிர. தினமும் அந்த நேரத்தில் மட்டும் சர்க்கரை தென்னை மரம் ஏறும். நாஸ்தாவுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நடுவில் எதையும் தொடுவதில்லை என்று டாக்டரிடம் சொன்னேன். என் மனைவி ஷமீமாவும் சாட்சி சொன்னாள். டாக்டர் அந்த மணிக்கு மட்டும் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்.

எனக்கோ தூக்கம் வரவில்லை. பதினோரு மணிக்கு அப்படி என்னதான் நடக்கிறது? வெங்காயம் வதங்குகிற வாசனைக்கே சர்க்கரை ஏறுமா? ஒருநாள் மாஸ்க் கட்டிக்கொண்டு சமைத்தேன். உப்புப் பார்க்க மட்டும் இறக்கினேன். அன்றைக்கும் ஏறியது. சரி, குற்றவாளி மூக்கு இல்லை.

டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: கொதிக்கிற தேக்சாவுக்குப் பக்கத்தில் சர்க்கரை இப்படி ஏறி இறங்கினால் ஆபத்து, ரம்ஜான் முடிவதற்குள் சரியாகாவிட்டால் அடுப்பை விட்டுவிட வேண்டும். கரண்டியை வாங்கிக்கொண்டால் நான் யார்? ஷமீமா அதற்குள் எங்கள் பிரியாணிக் கடையில் எனக்கு இடமே பார்த்துவிட்டாள்: "கல்லாவுல ஒக்காந்தா இன்னா? ஒங்க உசுர வுட கரண்டி பெர்சா?"

கடப்பாக்கத்துக் கஞ்சி

ரம்ஜானில் கடையை மூடிவிட்டு, கடப்பாக்கம் பள்ளிவாசலுக்கு நோன்புக் கஞ்சி காய்ச்சப் போவது வழக்கம். எனக்கு நோன்பு கூடாது என்று டாக்டரும் சொல்லிவிட்டார், இமாமும் சொல்லிவிட்டார். ஆனாலும் நோன்பாளிகள் நடுவில் எதையும் வாயில் வைக்க மனசு வராது. உப்பைக்கூட என் கூட்டாளி காதர் பாய் மோந்து பார்த்தே சொல்லிவிடுவார்.

முதல் நாள், அதே பதினோரு மணிக்குப் பம்ப் அலறியது. இந்தத் தடவை சர்க்கரை கிடுகிடுவென்று இறங்குகிறதாம். கண் இருட்டியது. சட்டைப் பையில் குளுக்கோஸ் இருந்தும், இத்தனை நோன்பாளிகள் முன்னால் எப்படித் தின்பது என்று சுவருக்குப் பின்னால் போகப் பார்த்தேன். காதர் பாய் கரண்டியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, என்னை அங்கேயே உட்கார வைத்து, குளுக்கோஸைப் பிரித்துக் கையில் கொட்டினார்.

"நோம்பு எனக்கு, ஒனக்கு இன்னா வந்துது? பேசாம துன்னு நைனா."

நாக்கு பிடிபட்டது

மறுநாளே கிளினிக்குக்கு ஓடினேன். தினமும் ஏறுகிற நேரத்தில் அன்றைக்கு மட்டும் ஏன் இறங்கியது? டாக்டர் போனில் இருந்த கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நேற்று எதைச் செய்யாமல் விட்டீர்கள் என்று கேட்டார். ஒன்றுமில்லையே, எப்போதும் போல அடுப்பு பற்றவைத்தேன், கிண்டினேன், ருசி மட்டும் பார்க்கவில்லை என்றேன். எப்படி ருசி பார்ப்பீர்கள், காட்டுங்கள் என்றார்.

காட்டினேன். சோறு பதம் பார்க்க உள்ளங்கையில் ஒரு கரண்டி, தால்ச்சாவில் ஒரு கரண்டி. பிரட் அல்வா சுருளும்போது ஒரு உருண்டை, ஆறினதும் இன்னொரு உருண்டை. இதே வரிசை அடுத்த தேக்சாவுக்கும். இதைத்தான் நான் வருஷக்கணக்கில் 'எதையும் தொடுவதில்லை' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஊசிக் காலத்தில் அந்த நேரத்தில் யாரும் அளந்து பார்த்ததில்லை, அதனால் மாட்டவில்லை. அந்த ஏற்றத்துக்காகக் கூட்டிய மருந்து, ருசி பார்க்காத அன்று என்னைக் கீழே தள்ளியிருக்கிறது.

"ருசி பாக்கறது எப்டி டாக்டர் சாப்பாடாவும்?" என்றேன் ரோஷத்தோடு.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாய், எங்க வீட்ல இதுக்குப் பேரு லஞ்ச்."

முன்கூட்டியே மார்க்

கூட்டிய மருந்தை டாக்டர் குறைத்தார். நான் உள்ளங்கையை விட்டுவிட்டு, வீட்டுச் சமையலில் டீ ஸ்பூனால் ருசி பார்த்துப் பழகினேன். பெருநாளுக்குப் பிறகு அல்வா பதம் காதர் பாயின் நாக்குக்கு என்று முடிவு செய்தேன். ருசி பார்ப்பதற்கு முன்னால் நம்பர் தட்டுவேன். ரம்ஜான் முடிந்தபோது கோடு அடங்கியிருந்தது. அடுப்பை விட வேண்டாம் என்று டாக்டர் தலையாட்டினார். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பெருநாள் கழிந்து பொத்தேரியில் முதல் கல்யாணம். ஷமீமாவும் கூட வந்து, அடுப்படியை விட்டு நகராமல் நின்றாள். ஸ்பூனைக் கையில் பிடித்துக்கொண்டே பம்பில் நம்பர் தட்டினேன். மாப்பிள்ளையின் அப்பா எட்டிப் பார்த்தார்.

"இன்னா பாய், வாயில வெக்கறதுக்கு முன்னாடியே மார்க் போட்டுகினு கீற?"

நான் பதில் சொல்வதற்குள் ஷமீமா முந்திக்கொண்டாள்: "போடட்டும் அண்ணே. இனிமே கல்லாவுக்குத்தான் வேற ஆள் பாக்கணும்."

இத்தனை வருஷமாக ஊரார் பந்தியில் முதல் ஆளாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் நான்தான் என்பதை எனக்குச் சொல்ல, இடுப்பில் ஒரு மெஷின் வேண்டியிருந்தது.