'நாங்கள்' என்று சொன்ன மேரி

மன்னார்புரத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். உடன் படித்த ஜமால் போன் செய்தான். "ரங்கா, மேரி போயிட்டாங்கடா" என்றான். துவாக்குடி பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

பேராசிரியர் ஆரோக்கிய மேரி எங்களோடு சமய ஒப்பியலில் பி.ஏ. படித்தவர். பிறகு அதே கல்லூரியில் அதே பாடத்தை நடத்தியவர். நானும் அவருடன் நடத்தினேன், அதை மூடும் வரை.

நாங்கள் சேர்ந்தபோது ஊரே சிரித்தது. "ஆத்து வாசல்ல நின்னா கோபுரம் தெரியறது. நீ காலேஜுக்குப் போய் மதம் படிக்கப் போறயா?" என்றார் ஸ்ரீரங்கத்தில் என் சித்தப்பா. "குர்ஆன் ஓதவே சோம்பல் உனக்கு" என்றார் ஜமாலின் அத்தா. மேரியின் வீட்டில், கன்னியர் மடத்துக்குப் போக மறுத்தவளுக்கு இது என்ன படிப்பு என்று கேட்டார்கள். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மேரி அதைப் பொருட்படுத்தியதே இல்லை.

வகுப்பில் ஒரு விதியைக் கொண்டுவந்தவர் அவர்தான். மற்றவர் சமயத்தைப் பற்றிப் பேசும்போது 'அவர்கள்' என்று சொல்லக் கூடாது. 'நாங்கள்' என்றுதான் பேச வேண்டும். அந்தச் சமயத்தில் பிறந்த ஒருவர் கேட்டுவிட்டு "ஆமாம், அப்படித்தான்" என்றால் தேர்ச்சி.

ஒருநாள் சொர்க்கவாசலைப் பற்றிப் பேச எழுந்தார். "வாசல் திறந்ததும் நாங்கள் சொர்க்கத்துக்கு முந்திக்கொண்டு ஓடுவதில்லை. பெருமாள் முன்னால் போகிறார். அவர் போகிற இடத்துக்கு நாங்களும் போகிறோம், அவ்வளவுதான்" என்றார். பிறந்ததிலிருந்து அந்த வாசலில் நெரிபட்டவன் நான். 'ஆமாம்' என்று சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

என் முறை வந்தது. "நாங்கள் மாதா சிலையை வணங்குகிறோம்" என்று தொடங்கினேன்.

"இல்லை. எங்களுக்காக வேண்டிக்கங்கன்னு மாதாகிட்ட கேக்குறோம். கும்பிடறது வேற, கேக்கறது வேற. பெயில் நீங்க, உக்காருங்க ரங்கா."

பட்டம் வாங்கும் வரை அவரிடம் நான் தேறவே இல்லை. உடன் வேலை பார்த்தபோதும், "அரியர் இருக்கு, மறந்துடாதீங்க" என்று சீண்டுவார்.

துறையை மூட நிர்வாகம் கூட்டம் போட்டது. பிள்ளைகள் சேர்வதில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். ஒருவர் மட்டும் உண்மையான காரணத்தை வாய்விட்டுக் கேட்டார்: "எல்லாத்தையும் நாங்க நாங்கன்னு சொல்றீங்களே மேடம், உள்ளுக்குள்ள நீங்க எந்தப் பக்கம்?"

"ஞாயித்துக்கிழமை கோயில்ல முதல் பெஞ்சு சார். மத்த நாள்ல பிள்ளைங்களுக்கு எந்தப் பக்கம் புரியலையோ, அந்தப் பக்கம்."

மூடிவிட்டார்கள். எங்கள் அறையில் இப்போது கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன.

அதே நிர்வாகம் அவர் உடலைக் கல்லூரி வாசலில் சற்று நேரம் வைக்கச் சொல்லி மாலை போட்டது. முதல்வர் மைக்கைப் பிடித்து "எங்கள் மேரி மேடம்" என்று ஆரம்பித்தார். என்னால் பொறுக்க முடியவில்லை.

"உங்கள் மேரி இல்லை சார். 'நாங்கள்', 'எங்கள்' என்று எப்படிச் சொல்வது எனக் கற்றுத்தர அவர் ஒரு துறையே நடத்தினார். அதைப் பூட்டியவர்கள் நீங்கள்" என்றேன். யாரோ என் தோளைப் பிடித்து இழுத்தார்கள். ஜமால் அந்தக் கையை எடுத்துவிட்டான். இடம் பொருள் தெரியாதவன் என்று பேசிக்கொள்கிறார்களாம். பேசட்டும்.

கல்லறையில் என் மனைவி காதருகே கேட்டாள். "ஏன்னா, எல்லாரும் ஏன் ஒரு பிடி மண் போடறா?"

"நாங்கள் மண்ணால் ஆனவர்கள். அந்த மண்ணிடமே திருப்பிக் கொடுக்கிறோம். ஆனால் முடிந்துபோனதாகக் கொடுப்பதில்லை. ஒருநாள் எழுப்பப்படுவோம் என்று, விதைக்கிற மாதிரி கொடுக்கிறோம்" என்றேன்.

முன்னால் நின்றிருந்த மேரியின் தம்பி சூசை திரும்பிப் பார்த்தார். அழுது வீங்கிய கண்கள்.

"ஆமாங்க" என்றார். "அப்படித்தான்."

குனிந்து ஒரு பிடி அள்ளிப் போட்டேன். ஸ்ரீரங்கம் திரும்பும்போது, காவிரிப் பாலத்தில், "ஆத்துக்குப் போனதும் குளிச்சுடுங்கோ" என்றாள் மனைவி. குளிக்கலாம். அதுவரை நகத்திடுக்கில் அந்த மண் இருக்கட்டும்.

அரியர் தீர்ந்தது மேரி. போய் வாருங்கள்.