லோவில் இறங்கிய வண்டி

செங்குத்தான சாலை இறக்கத்தில் ரப்பர் மரத்தடி ஏற்றிய பழைய டிராக்டர் ஒன்று என் காருக்கு முன்னால் ஊர்ந்தது. எரிச்சலில் ஹாரனை விடாமல் அடித்தேன். எஞ்சின் உறுமியதே தவிர சக்கரம் நகர்வதாகத் தெரியவில்லை. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

பல வருடங்களுக்கு முன், அக்காளுக்குக் கல்யாணம் முடிந்து, மாப்பிள்ளை வீட்டில் அடுக்களை காணும் சடங்குக்குச் சீர்வரிசையோடு போனோம். கட்டில், பாத்திரம், கண்ணாடி பதித்த அலமாரி எல்லாம் அப்பாவின் டிராக்டர் பெட்டியில். அலமாரியைப் பிடித்தபடி நான். அவர்கள் வீட்டு இறக்கத்தில் அப்பா லோ கியரில் போட்டு மெல்ல இறக்கினார். எதிர்கொள்ள வந்த மாப்பிள்ளையின் மாமா கைகொட்டிச் சிரித்தார்.

"சம்பந்தி, நாங்க நடந்தே முந்தி எத்திருவோமாக்கும்!"

"பாரம் உண்டு. லோவில போனாத்தான் எஞ்சின் பிடிச்சு நிறுத்தும்" என்றார் அப்பா. பெண்களும் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. அப்பா திரும்பி அதைப் பார்த்துவிட்டார். வண்டியை நிறுத்தி, கியர் மாற்றும் சின்ன லிவரை வேகமான ஹைக்குத் தள்ளினார்.

பாரம் பின்னாலிருந்து தள்ளியது. பிரேக் பிடிக்கவில்லை. மண்திட்டில் மோதித்தான் வண்டி நின்றது. உடைந்த கண்ணாடிச் சில்லுகளை வேட்டி மடியில் பொறுக்கியபடி, "எனக்க தப்பாக்கும்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார் அப்பா.

ஹாரனிலிருந்து கையை எடுத்தேன். முன்னால் டிராக்டர் நின்றது. ஓட்டியவரின் கை சின்ன லிவருக்குப் போனது. கதவைத் திறந்து ஓடினேன்.

"அண்ணே, வேண்டாம், லோவிலயே போங்க!"

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"பின்ன, இவ்வளவு நேரமும் ஹாரன் அடிச்சது ஆரு?"