பிரிசில்லாவுக்கு நேராகப் போட்ட டிக்

என் தங்கச்சி புருஷன் மோசஸைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை இந்தக் கடற்கரைப் பக்கம் நான் பார்த்ததில்லை. அணுபுரத்தைத் தாண்டி எங்கள் காலனி. அவன் வீடும் என் வீடும் ஒட்டிக் கட்டியவை. இரண்டு பேருக்கும் ஒரே ஆலையில் வேலை. அவன் பம்ப் ஹவுஸில் ஃபிட்டர், நான் கேன்டீன் ஸ்டோரில். படாளத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பத்தில் பிறந்து, செங்கல்பட்டு ஐ.டி.ஐ.யில் படித்து, அவர்கள் வீட்டில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவன் மோசஸ். அந்த வேலை போய்விடுமோ என்ற பயத்திலேயே இருபத்தாறு வருஷம் ஓட்டிவிட்டான்.

பம்பின் அழுத்தத்தை மணிக்கொரு தரம் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். மற்றவர்கள் நாலு மணி நேரத்துக்கானதை மொத்தமாக எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். மோசஸ் போகமாட்டான்.

"கண்ணால பாக்காதத எப்பிடி மச்சான் எழுதறது?" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்படிப்பட்டவனைக் கொண்டுபோய்க் குழியில் தள்ளியது சாட்சாத் நான்தான். ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஆனால் ஜூலை மாதம் ஒரு நாள் மட்டும் நாங்கள் கேட்டில் கொடுக்கமாட்டோம். பஸ் ஏறுகிற இடத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த ஜெபகுமாரிடம் கொடுப்போம். கூடவே சம்பள ஃபார்ம், வீட்டில் உள்ளவர்களின் ஆதார் நகல். சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்தால் போன் கைக்கு வரும், வருமான வரிப் படிவமும் போய்ச் சேர்ந்திருக்கும். ஓடிபியைக்கூட அவனே பார்த்துப் போட்டுக்கொள்வான். இரண்டு மாதத்தில் பிடித்த வரி ரீஃபண்டாகத் திரும்பி வரும், அதில் ஒரு பங்கு அவனுக்கு. நாற்பது ஐம்பது பேர் இப்படித்தான் செய்தோம். முதல் தடவை மோசஸ் போனைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"அட குடு மச்சான், நம்ம சர்ச் ஆளு" என்று பிடுங்கிக் கொடுத்தேன். அந்த வாயை இன்னும் கழுவிக்கொண்டிருக்கிறேன்.

இந்த வருஷம் படிவத்தை மாற்றிவிட்டார்கள் என்றார்கள். பக்கம் குறைவு, பாதி தானாகவே நிரம்பி வரும், யார் தயவும் வேண்டாம், நாமே போட்டுவிடலாம். சரியாக அந்த ஜூலையில் ஜெபகுமாரின் கடை ஷட்டர் இறங்கியது. போன் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். என் மரமண்டைக்கு அப்போதும் உறைக்கவில்லை.

"ஈசியா ஆக்கிட்டான் மச்சான், புள்ளைய வுட்டே போட்டுக்கலாம்" என்றேன்.

புள்ளை என்றது மோசஸின் ஒரே மகள் பிரிசில்லாவை. காவலர் தேர்வு எழுதி, ஓட்டம், தாண்டுதல் எல்லாம் தேறி, இனி போலீஸ் வெரிஃபிகேஷன் மட்டும் பாக்கி என்ற நிலையில் இருந்தாள். தினமும் விடியலில் சதுரங்கப்பட்டினம் கடற்கரை மணலில் ஓடுகிறவள். என் ஸ்கூட்டரால்கூட அவளைப் பிடிக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து லேப்டாப்பைத் திறந்தாள். நானும் மோசஸும் இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். சொன்னபடியே சம்பளம் நிரம்பி வந்தது, பேங்க் வட்டி நிரம்பி வந்தது. "அட, நல்லாத்தான் கீது!" என்று நான் தொடையைத் தட்டினேன். அப்புறம் ஒரு கட்டம் சிவப்பாகி நின்றுவிட்டது. போன வருஷம் காட்டிய மாற்றுத்திறனாளிக்கு இந்த வருஷமும் வரிக் கழிவு வேண்டுமானால் சான்றிதழ் எண்ணைப் போடு என்றது.

"அப்பா, நம்ம வூட்ல யாருக்குக் கை கால் முடியல?"

"யாருக்கும் இல்லியேம்மா."

போன வருஷத்துப் படிவத்தைத் தேடி இறக்கினாள். வாசித்தாள். மறுபடி வாசித்தாள். உறவு, மகள். கால் ஊனம், கடுமையானது என்பதற்கு நேராக ஒரு டிக். கீழே அவளுடைய ஆதார் எண். அதற்கு முந்தின வருஷத்தைத் திறந்தாள், அதிலும் அதே. மூன்று வருஷமாக அவள் ஊனமுற்றவள் என்று அவள் அப்பன் சர்க்காரிடம் சொல்லியிருக்கிறான்.

மோசஸ் அவள் கால்களையே பார்த்தான். அவன் உதடு உலர்ந்து வெள்ளையாகிவிட்டது.

"நீ பாக்காமயா குடுத்த?" என்று பிரிசில்லா கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தேவலை.

அன்றைக்கே என்னுடையதையும் திறக்கச் சொன்னேன். என் மனைவி ரெஜினாவுக்கு இரண்டு கண்ணும் தெரியாதாம். தெருமுனையில் நான் பீடி பற்றவைத்தால் அடுப்படியில் இருந்தே கண்டுபிடிக்கிறவள் அவள். வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

படிவம் எளிதாகிவிட்டதா என்று என்னைக் கேட்டால், ஆமாம், சத்தியமாக எளிதாகிவிட்டது. பழசு எங்களுக்குப் புரியாது, அதனால் நிம்மதியாகத் தூங்கினோம். புதுசு ஒரு சின்னக் கேள்வியைப் புரிகிற மாதிரி கேட்டது. அதோடு தூக்கம் போயிற்று.

மோசஸுக்கு இரண்டு பயம். ஆலையில் தெரிந்தால் வேலை போகும் என்பது சின்ன பயம். பெரிய பயம் மகளைப் பற்றியது. போலீஸில் சேரப்போகிற பெண்ணின் ஆதாரைப் போட்டால் கால் ஊனம் என்று வந்து நிற்காதா? ஊனத்தை மறைத்தாள் என்று தள்ளிவிட்டால்? பொய்க் கணக்கு எழுதியவன் மகள் என்று தள்ளிவிட்டால்? அப்படியெல்லாம் பார்க்கமாட்டார்கள் என்று நான் சொன்னேன். எனக்கென்ன தெரியும்? அவன் பிரஷர் மாத்திரை இரண்டாயிற்று. வாசலில் பைக் நின்றால் பின்பக்கம் போய் நின்றுகொள்வான். விடியலில் ஓடக் கிளம்புகிறவளை, "யாராச்சும் பாக்கப் போறாங்கம்மா, நாலு நாள் நிறுத்து" என்றான். ஓடாமல் இருந்தால்தானே ஊனம் என்று நினைப்பார்கள்? பயம் வந்தால் புத்தி இப்படித்தான் போகும். அவள் கேட்கவில்லை, ஓடினாள்.

பழைய வருஷங்களைத் திருத்திப் போட ஒரு படிவம் இருந்தது. பி.எஃப்.இல் முன்பணம் எடுத்து, தப்பாக வாங்கின ரீஃபண்டையும் அபராதத்தையும் கட்டினான். ஏன் திருத்துகிறாய் என்று அந்தப் படிவம் கேட்டு நாலைந்து காரணங்களைக் காட்டியது, ஒன்றைத் தொட வேண்டும்.

"எம் பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல, நல்லா கீறான்னு எழுதும்மா."

"எழுத எடம் இல்லப்பா. 'மற்றவை'ன்னுதான் கீது."

கடைசியில் உறுதிமொழி. மேலே சொன்னதெல்லாம் எனக்குத் தெரிந்தவரை உண்மை, முழுமை என்று அவள் தமிழில் சொன்னாள்.

"போன மூணு தடவையும் இதத்தான் நான் சொன்னனா?"

"ஆமாப்பா."

அவன் எழுந்து போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவினான். திரும்பி வர நேரமாயிற்று.

பத்து நாள் கழித்து வெரிஃபிகேஷனுக்கு ஏட்டு முனிசாமி வந்தார். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஃபைலை மடியில் விரித்தார். தங்கச்சி காபி கொடுத்தாள். பேர், ஊர், எத்தனை வருஷமாக இங்கே என்று கேட்டு எழுதினார். பிரிசில்லா கை கட்டி நின்றாள். மோசஸ் நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

"வூட்ல யார் மேலயாச்சும் கேஸு கீஸு கீதா?" என்று ஏட்டு தலை நிமிராமல் கேட்டார். எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்விதான்.

மோசஸ் பொலபொலவென்று கொட்டிவிட்டான். "எழுதுனது நான்தான் சார்! அவளுக்கு ஒண்ணும் தெரியாது. கால் ஊனம்னு பொய்யா போட்டுட்டேன். மூணு வருசம் சார். பாக்காம போனைக் குடுத்துட்டேன். துட்டெல்லாம் திருப்பிக் கட்டிட்டேன். அவ நல்லா ஓடுவா சார், வேணும்னா இப்ப ஓடச் சொல்லுங்க! என்னை இன்னா வேணா பண்ணுங்க, அவ வேலைய எடுத்துடாதீங்க!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாவி, அவருக்கு ஒன்றுமே தெரியாதே! ஏட்டின் பேனா நின்றுவிட்டது. மோசஸை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாய்யா சொல்ற? எதுல எழுதுன?"

வேறு வழியில்லாமல் நான்தான் விளக்கினேன். ஜூலை மாதம், ஜெராக்ஸ் கடை, போன், ரீஃபண்ட், புதுப் படிவம். நான் சொல்லச் சொல்ல ஏட்டு காபியைக் கீழே வைத்தார். அவருடைய நெற்றியில் வேர்வை பூத்தது.

"கேஸ் ஒண்ணும் இல்ல இல்ல?" என்றார், நான் முடித்தபின்.

"இல்ல சார்" என்றாள் பிரிசில்லா.

'இல்லை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, ஃபைலை மூடினார். எழுந்திருக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"எங்க ஸ்டேஷனுக்கும் ஜூலை ஆனா ஒருத்தன் வருவான்" என்றார் மெதுவாக. "எல்லாரும் போனை அவன்கிட்டதான் குடுப்போம். எனக்கு ரெண்டு பொண்ணும்மா."

போனைப் பிரிசில்லாவிடம் நீட்டினார்.

"அந்தக் கேள்வி எந்தப் பக்கத்துல கீதுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லு."