கங்காணி வீட்டுச் சாவில் நாங்கள் அழுதது

கங்காணி செத்துப்போனார் என்று சேதி வந்தபோது நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். ஒரு பருக்கை கீழே சிந்தாமல் வடித்து முடித்தேன். மனசுக்குள் ஒரு குளுமை இறங்கியது. அதை இன்றைக்கும் மறைக்க மாட்டேன். செத்தவரைப் பற்றித் தப்பாகப் பேசக் கூடாது என்கிறவர்கள் எங்கள் லயத்தில் குடியிருந்து பார்த்திருக்க வேண்டும்.

இப்போது நான் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கிறேன். பிறந்து வளர்ந்தது கிள்ளான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட ஒற்றை அறை வீடுகள்தான் லயம். லயத்துக்கு மேலே மேட்டில் கங்காணி வீடு. கடல் தாண்டி ஊரிலிருந்து எங்கள் ஆட்களைக் கூட்டிவந்தவர் அவர், வேலை வாங்குகிறவரும் அவர். தோட்டத்தில் யார் இருக்கலாம், யார் போகவேண்டும் என்று வெள்ளைக்காரத் துரையிடம் சொல்கிறவரும் அவரேதான்.

லயத்தில் எந்தச் சாவு விழுந்தாலும் முதலில் என் அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். ஒப்பாரி வைக்க அவளை விட்டால் ஆளில்லை. செத்தவன் பெருங்குடிகாரனாக இருந்தாலும், என்றைக்கோ அவன் ஒரு பிள்ளைக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்ததை ஞாபகம் வைத்துப் பாடுவாள். பெண்கள் தோளோடு தோள் கட்டி வட்டமாக உட்கார்ந்து அழுது தீர்ப்பார்கள். மறுநாள் வாளியைத் தூக்கிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போவார்கள். எங்களுக்கு வாய்த்த வைத்தியம் அது ஒன்றுதான்.

சீமையில் பெரிய சண்டை ஓய்கிற சமயம் விஷக் காய்ச்சல் வந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் சொல்லி வேலைக்குப் போனவர்கள் மத்தியானம் மரத்தடியில் சுருண்டு விழுந்தார்கள். தனித்தனியாகக் குழி வெட்ட ஆளில்லை. ரப்பர் மரச் சரிவில் ஒரே பள்ளமாகத் தோண்டிப் புதைத்தார்கள். தப்புச் சத்தம் இல்லை, வாய்க்கரிசி இல்லை.

என் தங்கச்சிக்கு மூன்று வயது. அவள் போனபோது அப்பா உள்ளே காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தார். அம்மா மாரில் அடித்துக்கொண்டு தொடங்கினாள். ஒரு அடி பாடியிருக்கமாட்டாள், கங்காணி பிரம்போடு வாசலில் வந்து நின்றார்.

“ஏய், வாய மூடு! நீ இப்புடிக் கத்துனா லயமே பயந்து மலாய்க்காரங்க கம்பத்துப் பக்கம் ஓடிரும். அப்புறம் பால் வெட்ட ஒங்கப்பனா வருவான்?”

“கங்காணிய்யா, புள்ள போயிருச்சுங்க...”

“போனது போச்சு. இன்னும் ஒரு சத்தம் கேட்டுச்சு, ஒம் புருசனப் பாயோட தூக்கி ரோட்டுல போட்டுருவேன். இந்த லயத்துல எவளும் ஒப்பாரி வைக்கக் கூடாது. சொல்லிட்டேன்.”

அம்மா சேலைத் தலைப்பைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டாள். தங்கச்சியைச் சாக்கில் சுற்றித் தூக்கிப்போனார்கள். அப்புறம் அந்தத் துணி அவள் வாயை விட்டு வெளியே வந்தது. குரல் வரவில்லை.

காய்ச்சல் ஒருவழியாக ஓய்ந்தது, அப்பாவும் எழுந்து நடந்தார். ஆனால் லயம் பழைய லயமாக இல்லை. கடைசி அறைக் கிழவர் மகனைப் பறிகொடுத்தவர். பெரட்டில் மகன் பெயரைக் கூப்பிடவில்லை என்றால், இவரே எழுந்து அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு, “வந்துட்டான், வந்துட்டான்” என்பார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் புதுசாக ஒரு விளையாட்டு முளைத்தது. ஒருத்தி பிணமாகப் படுத்துக்கொள்வாள், மற்றவர்கள் தென்னை மட்டையில் வைத்து இழுத்துப் போவார்கள். யார் அழுகிறார்களோ அவர்களுக்கு ஆட்டம் போச்சு. இந்தச் சட்டத்தைப் பால்மணம் மாறாத பிள்ளைகளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

என் வயசுப் பெண்கள் இரண்டு பேர் காரணமில்லாமல் மயங்கி மயங்கி விழுந்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. சோறு தின்னும்போதும் கோபம், தலை வாரும்போதும் கோபம்.

அம்மா வேலைக்குப் போனாள், சமைத்தாள், கேட்டதற்கு ஒரு சொல்லில் பதில் சொன்னாள். தங்கச்சிக்கும் சேர்த்துத் தினமும் நாலு தட்டு வைத்தாள். சில நாள் பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு அந்தச் சரிவைப் பார்த்தபடியே நின்றுவிடுவாள். “மூளை பிசகிருச்சு, பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்” என்று கங்காணியே துரையிடம் சொன்னதாகக் காதில் விழுந்தது. அங்கே போனவர்கள் யாரும் எங்கள் லயத்துக்குத் திரும்பியதில்லை. அம்மா வாய்விட்டு ஒரு தரம் அழுதால் பிழைத்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும். அழ வைக்கத்தான் வழி தெரியவில்லை. அடுத்த சாவுகளிலும் ஒப்பாரி இல்லை. அந்த ஆள் போட்ட சட்டம் அப்படியே கிடந்தது.

நாலைந்து வருஷம் கழித்து அவரே போய்ச் சேர்ந்தார். கிள்ளானிலிருந்து மேளம் வந்தது, பூப்பல்லக்கு வந்தது. ஒப்பாரி வைக்கத்தான் லயத்திலிருந்து ஒருத்தியும் போகவில்லை. பெண்கள் அழாத சாவு அநாதைச் சாவு என்று ஊரெல்லாம் சிரிக்குமே! அவருடைய மூத்த மகன் லயத்துக்கு இறங்கி வந்து, எங்கள் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“அக்கா, பழச மனசுல வச்சுக்காதீங்க. நீங்க வந்தாத்தான் மத்தவங்களும் வருவாங்க.”

“போகாதம்மா, நாறிக் கெடக்கட்டும்” என்றேன் நான், அவன் முகத்துக்கு நேராகவே. அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கூந்தலை அவிழ்த்துவிட்டுக்கொண்டு நடந்தாள். லயத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியாகப் பின்னால் வந்தார்கள். கோபத்தோடேயே நானும் கடைசியாகப் போனேன்.

மேட்டு வீட்டு வாசலில் பிணத்தைக் கிடத்தியிருந்தார்கள். அம்மா அதன் பக்கத்தில் போனாள், முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அவள் முகம் ரப்பர் சரிவைப் பார்த்திருந்தது. பெண்கள் அவளோடு தோள் கட்டினார்கள்.

“மூணு வயசுக் கிளியே, ஒன்ன மூட்டையாக் கட்டுனாக... ஒன்ன அழக்கூட ஆத்தாளுக்கு வாயில்லாமப் போயிருச்சே!”

கரகரத்த குரல்தான். அது மேளத்தையும் மீறிக்கொண்டு எழுந்தது. ஒருத்தி புருஷனைக் கூப்பிட்டாள், ஒருத்தி அக்காளை. கடைசி அறைக் கிழவர், பெண்கள் வட்டத்துக்கு ஆண்கள் வரக் கூடாது என்றுகூடப் பார்க்காமல், நடுவே வந்து விழுந்து மகன் பெயரைச் சொல்லிக் கதறினார். அந்தப் பள்ளத்தில் கிடந்த அத்தனை பேரையும் அன்றைக்கு அழுதோம். நானும்தான்.

கங்காணி மகனுக்கு அப்போதுதான் விளங்கியது. “நிறுத்துங்கக்கா! எங்கப்பாவுக்கு அழத்தானே கூப்பிட்டேன்!”

அம்மா தலையை மட்டும் திருப்பினாள். “தம்பி, அன்னைக்கு ஒங்கப்பா எங்க வாய மூடச் சொன்னாரு. இன்னைக்கு அவரு வாய் மூடிக் கெடக்கு. நீ போய் ஓரமா ஒக்காரு.”

மேளக்காரர்கள் கையை எடுத்துவிட்டார்கள். பல்லக்கைத் தூக்கும் வரைக்கும் நாங்கள் ஓயவில்லை. அவருக்கென்று ஒரு சொட்டுக் கண்ணீர் அங்கே விழவில்லை. எனக்கு அது போதவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று சாயங்காலம் அம்மா இரண்டு தரம் சோறு கேட்டு வாங்கித் தின்றாள். மூன்று தட்டுதான் வைத்தாள்.

மறுநாள் கங்காணி மகன் துரையிடம் போய்ப் புகார் சொன்னானாம். துரைக்கு ஒன்றும் விளங்கவில்லையாம். “சாவு வீட்டில் பெண்கள் அழுதார்கள். இதில் என்ன தப்பு?” என்று கேட்டாராம். என் தங்கச்சி செத்த அன்றைக்கு அதைக் கேட்க எங்களுக்கு ஒரு ஆள் இல்லை.